வேர்விட்ட அமேசான் ஸ்வார்டை வேறு தொட்டிக்கு மாற்றுவது எப்படி?

கொடைக்கானலில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: பழைய மீன்தொட்டியில் நன்றாக வேர்பிடித்த அமேசான் ஸ்வார்டு என்ற நீர்ச்செடியைப் பெரிய தொட்டிக்கு எப்படி மாற்றுவது?

தயவுசெய்து பிடித்து இழுக்காதீர்கள். இந்தச் செடியின் வேர் தொட்டியின் அடி முழுக்க ஓடியிருக்கும். இழுத்தால் வேர் கண்டபடி அறுபடும். சரளைக்குள் அடைந்த கழிவும் கிளம்பி மீன்களைப் பாதிக்கும். முடிந்தால் மீன்களை முதலில் பழைய தொட்டித் தண்ணீரோடு வாளிக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் செடியைச் சுற்றிச் சுமார் 10 செ.மீ. தள்ளி, நீளமான கத்தரியால் சரளைக்குள்ளேயே வேர்களை வெட்டி, அடியில் விரல்விட்டு மெல்லத் தூக்குங்கள். வேர் 5 முதல் 7 செ.மீ. நீளம் இருந்தால் போதும், புதிது வந்துவிடும்.

நம் மலையில் உண்மையான எதிரி குளிர்தான். இந்தச் செடிக்கு 22 முதல் 28 டிகிரி வேண்டும். டிசம்பர், ஜனவரியில் குழாய்த் தண்ணீர் அதைவிட மிகக் குளிர்ந்திருக்கும். அதனால் புதுத் தொட்டியில் ஹீட்டரை முந்தைய நாளே ஓடவிட்டு, சூடு சமமான பிறகே செடியை எடுங்கள்.

நடும்போது இலைகள் கிளம்பும் குருத்துப்பகுதி சரளைக்கு மேலே நிற்கட்டும், புதைந்தால் அழுகும். வேரருகே ஒரு உரமாத்திரை வையுங்கள். பழைய இலைகள் சில மஞ்சளாகும், அவற்றை வெட்டிவிடலாம்.

தொட்டியில் கிரிப்டோகோரைன் என்ற இன்னொரு நீர்ச்செடியும் இருந்து, அதையும் மாற்றினால் அதன் இலைகள் மொத்தமாகக் கரைந்துபோகலாம். பதறிப் பிடுங்கிவிடாதீர்கள். வேர் உறுதியாக இருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும்.