மணி அடிக்கிறது, குரல் வரவில்லை!

கேள்வி: பழைய கணினி ஒன்றில் ஆஸ்டரிஸ்க் (கணினியை இணையத் தொலைபேசி நிலையமாக்கும் மென்பொருள்) போட்டு வீட்டில் மூன்று எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு போன்) வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் பேசினால் பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து அழைப்பு வந்தால் மணி அடிக்கிறது. எடுத்தால் நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. ரூட்டரில் 5060 போர்ட்டையும் திறந்துவிட்டேன்.

பதில்: நீங்கள் திறந்தது மணி அடிக்கும் வழி. குரல் வருகிற வழி வேறு. எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறை (5060 அதன் போர்ட்) அழைப்பை ஏற்பாடு செய்து கொடுப்பதோடு ஒதுங்கிக்கொள்ளும். பேச்சு ஆர்.டி.பி. என்ற வேறொரு நெறிமுறையின் பொட்டலங்களாகத் தனியே போகும். ஆஸ்டரிஸ்க்கோடு வரும் மாதிரிக் கோப்பில் அதற்கு 10000 முதல் 20000 வரையிலான போர்ட்கள் ஒதுக்கப்பட்டிருக்கும்.

“குரலை இந்த முகவரிக்கு அனுப்பு” என்று உங்கள் சர்வர் எதிர்முனைக்கு எழுதிக் கொடுக்கிறது. ரூட்டருக்குப் பின்னால் இருப்பதால் அது தெரிந்து வைத்திருப்பது 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரியை மட்டுமே. வெளியில் அந்த முகவரிக்கு மதிப்பில்லை. அவர்கள் குரல் பாதியில் தொலைகிறது. அவர்கள் தரும் முகவரி பொது முகவரி என்பதால் உங்கள் குரல் மட்டும் போய்ச் சேர்கிறது.

பிஜேசிப் (ஆஸ்டரிஸ்க்கில் எஸ்.ஐ.பி.யைக் கவனிக்கும் பகுதி) அமைப்புக் கோப்பின் டிரான்ஸ்போர்ட் பகுதியில் எக்ஸ்டெர்னல் மீடியா அட்ரஸ், எக்ஸ்டெர்னல் சிக்னலிங் அட்ரஸ் இரண்டிலும் உங்கள் பொது ஐ.பி.யை எழுதுங்கள். லோக்கல் நெட் என்பதில் வீட்டு நெட்வொர்க்கை (192.168.1.0/24 போல) கட்டாயம் குறிப்பிடுங்கள். அதை விட்டுவிட்டால் இப்போது நன்றாக ஓடும் வீட்டு போன்களுக்கும் பொது முகவரியே போய், அவையும் ஊமையாகலாம். எண்ட்பாயிண்ட் பகுதியில் டைரக்ட் மீடியா ‘நோ’, ஆர்.டி.பி. சிமெட்ரிக், ஃபோர்ஸ் ஆர்போர்ட், ரீரைட் கான்டாக்ட் மூன்றும் ‘எஸ்’. பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான்: டிரான்ஸ்போர்ட் மாற்றங்கள் சாதாரண ரீலோடில் ஏறாது. ஆஸ்டரிஸ்க்கை முழுவதும் நிறுத்தித் தொடங்க வேண்டும். ரூட்டரில் ‘சிப் ஏ.எல்.ஜி.’ என்ற எஸ்.ஐ.பி. உதவி வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுவதாக நினைத்து முகவரிகளை அது தாறுமாறாகத் திருத்தும்.

குரல் போர்ட்களை 10000–10100 என்று சுருக்கி, அவற்றை மட்டும் சர்வருக்குத் திருப்பினால் வீட்டுக்குத் தாராளம். சரிபார்க்க, ஆஸ்டரிஸ்க் கன்சோலில் ‘ஆர்.டி.பி. செட் டீபக் ஆன்’ கொடுத்துப் பேசிப் பாருங்கள். ‘சென்ட்’ (அனுப்பியது) வரிகள் மட்டும் ஓடினால் உள்ளே வரும் வழி இன்னும் அடைபட்டிருக்கிறது. ‘காட்’ (வந்தது) வரிகளும் ஓடியும் கேட்கவில்லை என்றால் ரூட்டரை விட்டுவிட்டு கோடெக்கையும் (குரலை எண்களாக மாற்றும் முறை) போனையும் பாருங்கள். பொது ஐ.பி. மாறினால் இதே கோளாறு திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எல்லா அழைப்பும் அரை நிமிடத்தில் துண்டிக்கப்படுகிறது. இணைப்பு பலவீனமா?

பதில்: இல்லை. பலவீனமான இணைப்பு ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் அறுக்காது. அழைப்பை எடுத்ததும் வர வேண்டிய ‘ஆக்’ ஒப்புதல் வந்து சேரவில்லை. எஸ்.ஐ.பி. விதிப்படி அதற்காகக் காத்திருப்பது அரை விநாடியின் 64 மடங்கு, அதாவது 32 விநாடி. முந்தைய பதிலில் சொன்ன அதே முகவரிக் குழப்பம்தான். சிக்னலிங் அட்ரஸையும் ஏ.எல்.ஜி.யையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: யாராவது பெரிய கோப்பை அப்லோடு செய்தால் குரல் உடைகிறது. ஜி.729 கோடெக்குக்கு மாறட்டுமா?

பதில்: வேண்டாம். வழக்கமான ஜி.711 கோடெக்கில் பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட். விநாடிக்கு 50 பொட்டலம், ஒவ்வொன்றிலும் 40 பைட் தலைப்பு சேர்த்தால் 80. இன்றைய இணைப்புக்கு இது ஒரு பொருட்டல்ல. ஜி.729-இல் பொட்டலத்துக்குப் பேச்சு 20 பைட், தலைப்பு அதே 40. உள்ளே இருக்கும் சரக்கைவிட உறை இரு மடங்கு. குரலின் தரமும் போய்விடும்.

இங்கே குறைவது வேகம் அல்ல, நீள்வது வரிசை. மோடத்தில் அப்லோடு பொட்டலங்கள் குவிய, குரல் அவற்றின் பின்னால் நிற்கிறது. அப்லோடு ஓடும்போது பிங் கொடுத்துப் பாருங்கள். 20 மில்லிவிநாடி சில நூறாக ஏறினால் சந்தேகமே வேண்டாம். ரூட்டரில் எஸ்.க்யூ.எம். (வரிசை நீளாமல் கட்டுப்படுத்தும் வசதி) இருந்தால் அதை இயக்கி, அப்லோடு வரம்பை அளந்த வேகத்தில் 85–90 விழுக்காடாக வையுங்கள். கொஞ்சம் வேகம் போகும், பேச்சு தெளியும்.

கேள்வி: பழைய மேசை போனை ஏ.டி.ஏ. பெட்டியில் (சாதாரண போனை இணையத் தொலைபேசியோடு சேர்க்கும் கருவி) இணைத்தேன். பேசும்போது என் குரலே எனக்கு எதிரொலிக்கிறது.

பதில்: எதிரொலியைக் கேட்பவர் பக்கம் கோளாறு இருப்பது அரிது. அது எதிர்முனையில் பிறந்து உங்களிடம் திரும்புகிறது. உங்கள் பெட்டியைச் சோதிக்க வேண்டுமானால், எதிரில் பேசுபவருக்கு எதிரொலி கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் ஏ.டி.ஏ.வில் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) தேர்வை உங்கள் போனுக்குப் பொருத்தி, கெயினை (ஒலிப் பெருக்கத்தை) 3 டெசிபல் வீதம் குறைத்துப் பாருங்கள். இன்னொன்று: போனை மாட்டுவது எஃப்.எக்ஸ்.எஸ். துளை. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் லைனை மறந்தும் அதில் செருகாதீர்கள், பெட்டி எரிந்துவிடலாம், அதற்கு எஃப்.எக்ஸ்.ஓ. துளை வேண்டும்.

கேள்வி: லாகில் அறியாத ஐ.பி.கள் 100, 101 என்று எக்ஸ்டென்ஷன்களை முயன்றுகொண்டே இருக்கின்றன.

பதில்: உங்கள் கணக்கில் வெளிநாட்டு அழைப்பு போட வழி தேடுகிறார்கள். அலட்சியம் செய்தால் ஒரே இரவில் பெரிய பில் வரும். சேவை நிறுவனத்தில் உங்கள் சர்வரே பதிவு செய்துகொள்ளும் அமைப்பு என்றால் 5060-ஐ உலகத்துக்குத் திறக்கத் தேவையே இல்லை, மூடுங்கள். வெளியில் இருக்கும் மொபைலுக்கு எக்ஸ்டென்ஷன் வேண்டுமா, வி.பி.என். வழியாக வரட்டும். பாஸ்வேர்டு எக்ஸ்டென்ஷன் எண்ணாக இருக்கவே கூடாது. வெளியிலிருந்து வரும் அழைப்புக்குத் தனி கான்டெக்ஸ்ட் (டயல் விதிகளின் தொகுதி) வைத்து, அதிலிருந்து வெளியே டயல் செய்ய முடியாதபடி செய்யுங்கள். ஃபெயில்2பேன் (லாகைப் பார்த்து, தவறாக முயலும் ஐ.பி.களைத் தடுக்கும் மென்பொருள்) போடுபவர்கள் லாகர் கோப்பில் செக்யூரிட்டி லாகை இயக்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் பல முயற்சிகள் அதன் கண்ணில் படா.

கேள்வி: நீண்ட மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்தபிறகும் அழைப்பு வருவதில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது.

பதில்: சர்வர் யு.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருக்க, இணைய இணைப்பு மட்டும் செத்திருக்கும். பிஜேசிப் சேவை நிறுவனத்தில் பதிவு செய்ய நிமிடத்துக்கு ஒருமுறை வீதம் 10 முறை முயன்று, பிறகு கைவிட்டுவிடும். ரெஜிஸ்ட்ரேஷன் பகுதியில் மேக்ஸ் ரீட்ரைஸ் எண்ணை 10000 ஆக்குங்கள். மோடத்தையும் ரூட்டரையும் அதே யு.பி.எஸ்.ஸில் சேர்த்துவிடுங்கள்.