பிளான் வரையவும் டிசைன் செய்யவும் ஒரே மானிட்டர்: 27 இன்ச்சா, 32 இன்ச்சா?

கேள்வி: "ஆட்டோகேடில் வீட்டு பிளான் போடுகிறேன், போட்டோஷாப்பில் எலிவேஷனுக்கு வண்ணம் கொடுக்கிறேன். ஐந்து வருடப் பழைய லேப்டாப். 25 ஆயிரம் ரூபாய்க்குள் எந்த மானிட்டர் வாங்கலாம்? 4கே அவசியமா?"

அந்தத் தொகைக்கு 32 இன்ச் வேண்டாம். திருச்சியில் பதினோரு வருடமாக பிளான் வரைகிறேன். இடையில் ஒன்றரை வருடம் 32 இன்ச் ஃபுல் எச்டி (1920 × 1080 பிக்சல், அதாவது திரைப் புள்ளிகள்) திரையில் வேலை பார்த்தேன். பெரிய திரையில் நிறையத் தெரியும் என்று நம்பித்தான் வாங்கினேன். ஒருமுறை ஒரு வீட்டு பிளானை முடித்து அனுப்பிய பிறகு சைட் இன்ஜினியர் போன் செய்தார். அறை அளவுகளைக் கூட்டினால் மொத்த நீளத்தோடு 10 மி.மீ. இடிக்கிறது என்றார். கோப்பைத் திறந்து ஜூம் செய்து பார்த்தால், ஒரே சுவருக்கு இரண்டு கோடு, 10 மி.மீ. தள்ளித் தள்ளி. டைமென்ஷன் (அளவுக் குறி) தவறான கோட்டைப் பிடித்திருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 18 மீட்டர் நீள வீட்டை முழுதாகத் திரையில் நிறுத்தினால், ஓரத்துக் கருவிப் பெட்டிகள் போக வரைபடத்துக்கு மிஞ்சுவது சுமார் 1600 பிக்சல். அதாவது ஒரு பிக்சலுக்கு 11 மி.மீ. அந்த இரண்டு கோடும் ஒன்றாகவே தெரிந்ததில் வியப்பில்லை. ஃபுல் எச்டி என்றால், திரை 24 இன்ச்சாக இருந்தாலும் 32 ஆக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஜூம் செய்தால் தெரியும், சரி. ஆனால் பாதி நேரம் முழு பிளானையும் கண்முன் வைத்துக்கொண்டுதானே வேலை செய்கிறோம்? 2560 × 1440 திரையில் இதே கணக்கு 8 மி.மீ. ஆகிறது, 4கே (3840 × 2160) திரையில் ஐந்தரை. அங்கே அந்தக் கோடு கொஞ்சம் தடித்துத் தெரியும், நமக்கும் சந்தேகம் வரும். அதனால் எத்தனை இன்ச் என்று கேட்பதற்கு முன் எத்தனை பிக்சல் என்று கேளுங்கள்.

27 இன்ச்சை நான் விரும்ப இன்னொரு காரணம் அதன் உயரம். ஏ3 தாளின் குறுகிய பக்கம் 29.7 செ.மீ. 24 இன்ச் திரையின் உயரம் 29.9 செ.மீ.தான், மேலே ரிப்பன் எனும் கருவிப் பட்டையும் கீழே கமாண்ட் லைன் எனும் கட்டளை வரியும் வந்தால் தாள் அடங்காது. 27 இன்ச்சில் 33.6 செ.மீ. கிடைக்கிறது. ஏ3 ஷீட்டை ஏறக்குறைய அச்சில் வரும் அளவிலேயே வைத்து, எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

இனி 4கே. கோடுகள் அதில் மிக அழகாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் 2560 × 1440-ஐப் போல இரண்டேகால் மடங்கு பிக்சல்களை உங்கள் பழைய லேப்டாப் வரைந்து தள்ள வேண்டும். ஆட்டோகேடின் பழைய பதிப்பு என்றால் ஐகான்கள் எறும்பு அளவுக்குச் சுருங்கும். முக்கியமாக, லேப்டாப்பில் மானிட்டரை மாட்டும் போர்ட் எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் மாறும், கர்சர் கைக்குப் பின்னால் இழுபடும். 2560 × 1440 அதே போர்ட்டில் 60-ல் ஓடும். உங்களுக்கு நான் சொல்வது 27 இன்ச், 2560 × 1440, ஐபிஎஸ் பேனல் (ஐபிஎஸ், விஏ என்பவை எல்சிடி பேனலின் இரண்டு வகைகள்).

ஐபிஎஸ் என்று அழுத்திச் சொல்ல வரைபட வேலையே காரணம். விஏ பேனலில் கறுப்பு நல்ல ஆழமாக இருக்கும், சினிமா பார்க்க அருமை. ஆனால் பெரும்பாலான விஏ திரைகளில் இருட்டான நிறங்கள் மாறத் தாமதமாகும். நாமோ கறுப்புப் பின்னணியில் மெல்லிய கோடுகளை நாளெல்லாம் திரையில் இங்கும் அங்கும் நகர்த்துகிறோம். நகர்த்தும்போதெல்லாம் கோடு புகைபோல் இழுபட்டால் கண் சீக்கிரம் களைத்துவிடும். பளபளப்பான திரையும் வேண்டாம், அந்தக் கறுப்பில் டியூப்லைட்தான் தெரியும். வளைந்த திரை நேர்கோடு வரைகிறவர்களுக்கு ஏன் என்பது என் கருத்து.

வண்ணத்துக்கு எஸ்ஆர்ஜிபி (பொதுவான வண்ண அளவுகோல்) முழுதாகக் காட்டும் திரை போதும். போனிலும் இணையத்திலும் வாடிக்கையாளர் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் அந்த அளவுகோலில்தான் இருக்கின்றன. அதைவிட அகலமான வண்ணம் காட்டும் திரை வாங்கினால் எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செங்கல் நிறம் திரையில் தீயாய் எரியும், மற்றவர்களுக்கு மங்கலாகத் தெரியும்.

அச்சில் படம் இருட்டாக வருகிறது என்று பலர் பிரிண்டரைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் காரணம் திரையின் பிரைட்னஸ். கடையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் அதை அதிகமாக வைத்திருப்பார்கள். ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒத்துப்போகும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும், அப்புறம் பழகிவிடும்.

உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பின்புறம் 100 மி.மீ. வெசா துளைகள் (ஸ்டாண்ட் மாட்டும் பொதுவான திருகு துளைகள்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பிறகு தனியாக மானிட்டரைத் தாங்கும் ஆர்ம் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம்.

மானிட்டர் வந்த அன்றே அறையை இருட்டாக்கி, முழுத் திரையிலும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக நிரப்பிப் பாருங்கள். எரிந்துகொண்டே இருக்கும் ஒரு பிக்சல், ஆட்டோகேடின் கறுப்பு வரைதளத்தில் (மாடல் ஸ்பேஸ்) யாரோ போட்ட பாயிண்ட் மாதிரியே தெரியும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.