சிவப்பு மாத்திரையும் சிசுவின் மூளையும்

கேள்வி: என் மருமகளுக்கு நான்காம் மாதம் நடக்கிறது. ஹீமோகுளோபின் 9.2 என்று சொன்னார்கள். சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று உறவினர்கள் சொல்வதால் விழுங்கத் தயங்குகிறாள். எந்நேரமும் பச்சரிசியை மென்றுகொண்டிருக்கிறாள். கேழ்வரகுக் களியும் கீரையும் எங்கள் வீட்டில் தவறுவதில்லை, அவை போதாதா? ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு வேறென்ன செய்ய வேண்டும்?
- வாசகி ஒருவர், பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்

பதில்: அம்மா, அந்தச் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரைக்கும் குழந்தையின் நிறத்துக்கும் தொடர்பே இல்லை, தாயின் மலம் கறுத்துப் போவதைப் பார்த்துக் கிளம்பிய பயமாக இருக்கலாம். பச்சரிசி, மண், சாம்பல் ஆகியவற்றின் மீது வரும் அடங்காத ஆசை பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தாலே அது இரத்தசோகை என்பதால், 9.2 என்பதை அலட்சியப்படுத்தக் கூடாது.

குழந்தையின் மூளையில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை படியவும், நினைவாற்றலுக்குரிய பகுதி உருவாகவும் இரும்பு வேண்டும். தாயிடமிருந்து வரும் இரும்பு போதாதபோது, கருவிலுள்ள சிசுவின் உடல் அதை முதலில் இரத்த அணுக்களுக்கே ஒதுக்குகிறது. எனவே பிறந்த குழந்தையின் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தும், மூளைக்குச் சேர வேண்டிய பங்கு குறைந்திருக்கக்கூடும். அந்தக் குறையைப் பின்னாளில் ஊட்டி ஈடுகட்டுவது கடினம் என்பதால்தான், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள்கள் தருகிறார்கள். உங்கள் மருமகளின் அளவுக்கு மருத்துவர் அதைக் கூட்டித் தரக்கூடும்.

களியை விட வேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வேறெந்தத் தானியத்திலும் இவ்வளவு இல்லை. ஆனால் அதே கால்சியமும் அதிலுள்ள ஃபைட்டேட் என்னும் இயற்கைப் பொருளும் இரும்பைக் குடல் ஈர்க்கவிடாமல் தடுக்கின்றன. ஆகவே இரும்பு மாத்திரையைக் களியுடனோ, பால், தேநீருடனோ, கால்சியம் மாத்திரையுடனோ சேர்க்காமல், இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாற்றுடன் விழுங்கச் சொல்லுங்கள். முளைகட்டிய கேழ்வரகும் புளிக்கவைத்த கூழும் களியைவிட இந்த வகையில் நல்லவை.

அடுத்தது அயோடின். கருவின் தைராய்டு சுரப்பி ஏறத்தாழ 12ஆம் வாரத்துக்குப் பிறகே வேலை செய்யத் தொடங்கி, மெல்ல மெல்ல முதிர்கிறது. அதுவரை மூளை வளர்ச்சிக்கான தைராய்டு ஹார்மோனைத் தாய்தான் தர வேண்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையலுக்குக் கல்லுப்பு பயன்படுத்தினால், அது அயோடின் சேர்த்ததா என்று உறையைப் பாருங்கள். தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை செய்யப்படவில்லையென்றால் இப்போதே செய்துகொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்களே எழுதியிருக்காவிட்டாலும் நான் கேட்டிருப்பேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுதி; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள சூழலுக்கும் குழந்தைகளின் நுண்ணறிவு குறைவதற்கும் தொடர்பிருப்பதாக, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024இல் தெரிவித்தது. இரத்தசோகையுள்ள கர்ப்பிணிகள் ஃபுளோரைடைத் தவிர்த்துச் சத்துணவும் எடுத்துக்கொண்டபோது ஹீமோகுளோபின் உயர்ந்ததை டெல்லியில் டாக்டர் ஏ.கே. சுசீலா குழுவினர் கண்டார்கள். ஆகவே குடிக்க மட்டுமன்றிக் களி கிண்டவும் சோறு வடிக்கவும் ஒகேனக்கல் நீரையே பயன்படுத்துங்கள். அந்தக் குழாய் வராத நாள்களுக்காக, உங்கள் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஃபுளோரைடுக்காகச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.