வாடைக்காற்றும் சென்னை ரயிலும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 23. மண்டபம் ஊரில் ஒரு நண்டு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. அடுத்த மாதத்திலிருந்து மாதம் மூன்று முறை சென்னைக்குப் போய்வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் தனியாக ரயிலேறியதே இல்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அம்மா வேறு பயப்படுகிறார்.
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, இறால் ஏற்றுமதி வேலைக்காக நான் 19 வருடம் பாம்பனிலிருந்து சென்னைக்கும் கொச்சிக்கும் போய்வந்தவள். உன் கடிதத்தைப் பார்த்ததும் என் முதல் வருடம்தான் ஞாபகம் வந்தது. அது கார்த்திகை மாதம். காலை பத்து மணிக்குச் சென்னையில் கூட்டம். முதல்நாள் இரவு ரயிலேறினேன். வாடை பலமாக வீசியதால் வண்டி பாம்பன் ஸ்டேஷனிலேயே மணிக்கணக்காக நின்றுவிட்டது. எழும்பூரில் இறங்கும்போது மதியம். பார்க்க வேண்டியவர் கிளம்பிப் போயிருந்தார். அன்றைக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது 2025 ஏப்ரலில் பாம்பன் கடல்மேல் புது ரயில் பாலம் வந்துவிட்டது. ஆனாலும் காற்று அதே காற்றுதான். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை விட மாட்டார்கள். அதனால் கூட்டத்தன்று காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுக்காதே. முதல்நாளே போய்ச் சேர்ந்துவிடு. ஒரு நாள் ரூம் வாடகை அதிகமாகிறதே என்று ஆபீசில் முணுமுணுப்பார்கள். நம் ஊர் இருக்கிற இடத்தைச் சொல்லிப் புரியவை. ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிக்கை மோசமாக இருந்தால் மதியமே பஸ் பிடித்து மதுரைக்குப் போய்விடு, நாலு மணி நேரம்தான். இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிக்கொள்ளலாம். ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பும் சேது எக்ஸ்பிரஸ் மானாமதுரை, காரைக்குடி வழியாகப் போகிற வண்டி, மதுரையைத் தொடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். தேதி கடைசி நேரத்தில்தான் தெரியும் என்றால் தட்கல் என்கிற அவசர முன்பதிவுதான் வழி. பயணத்துக்கு முதல்நாள் காலை திறக்கும்: ஏ.சி. வகுப்புக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. ஆன்லைனில் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும், அதை இன்றைக்கே முடித்து வை.

பை விஷயம். வேலைக்கென்று ஒரு பையைத் தனியாக வைத்துக்கொள். பல் துலக்கும் பிரஷ், சார்ஜர், மாத்திரை, ஒரு செட் துணி எல்லாம் எப்போதும் அதிலேயே இருக்கட்டும். திரும்பி வந்த அன்றைக்கே துவைத்து மறுபடி அடுக்கிவிடு. என்றைக்காவது விமானத்தில் அனுப்பினால் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. அப்புறம், சென்னைச் சொந்தக்காரர்கள் கருவாடு கேட்பார்கள். அந்தப் பையில் மட்டும் வைக்காதே. நான் ஒருமுறை வைத்துவிட்டு, இரண்டு நாள் அந்த வாசனைச் சேலையோடுதான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஹோட்டலில் பில் போடும் முன்பே கம்பெனி பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் கொடுத்துவிடு. மெஷினில் வரும் சின்னச் சீட்டுகள் சீக்கிரம் வெளுத்துப்போகும், வாங்கிய கையோடு போட்டோ எடு.

அம்மாவுக்கு டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் எண், ரயில் பெட்டி எண், ஹோட்டல் முகவரி மூன்றையும் கிளம்பும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடு. போனில் அனுப்புவதைவிடத் தாள்தான் அவர்களுக்குத் தைரியம். ரயிலில் யாராவது தொந்தரவு செய்தால் 139-க்குப் போன் செய், யோசிக்காதே. அதே எண்ணை அம்மாவின் தாளிலும் எழுது.

முக்கியமான ஒன்று பாக்கி. உன் சம்பளத்தைப் போட்டுச் செலவு செய்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதே. நான் அப்படித்தான் இருந்தேன், ஒரு தீபாவளிக்கு வீட்டுக்குத் துணி எடுக்கக் கையில் காசில்லை. பயணப்படி முன்பணம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். முதல் டிக்கெட் எடுக்கும் முன்பே கணக்குப் பிரிவில் போய்க் கேள்.