விபி 6-க்குப் பிறகு எது?

கேள்வி: விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய சரக்கு இருப்பு மென்பொருளைத் திரும்ப எழுதப்போகிறேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓட வேண்டும். மென்பொருள் உருவாக்கும் கருவிகளான விண்டோஸ் ஃபார்ம்ஸ், டெல்ஃபி, லாசரஸ், இவற்றில் எது?

பதில்: லினக்ஸ் என்றதுமே விண்டோஸ் ஃபார்ம்ஸ் கழன்றுகொண்டது. 1995-ல் வந்த டெல்ஃபி பழுத்த கருவிதான்; ஆனால் நிரலை லினக்ஸில் ஓடும் கோப்பாக மாற்றும் கம்பைலர் வேண்டுமென்றால் விலையுயர்ந்த பதிப்புக்குப் போக வேண்டும்.

என் ஓட்டு லாசரஸுக்கு. இலவசம். படிவத்தில், அதாவது மென்பொருளின் திரையை வடிவமைக்கும் இடத்தில், பட்டனை இழுத்துப் போட்டு இரட்டைக் கிளிக் செய்தால், பட்டனை அழுத்தும்போது ஓட வேண்டிய ஆன்கிளிக் நிரல் திறக்கும். விபி பழகிய கைக்கு இது போதும். மொழிதான் பாஸ்கல்; மதிப்பைக் கொடுக்க ‘=’ போடும் இடத்தில் வரும் ‘:=’ கொஞ்ச நாள் படுத்தும். லாசரஸோடு வரும் எல்சிஎல் என்ற நிரல் நூலகத்தின் உரிமப்படி, உங்கள் மூலநிரலைத் திறந்து காட்டாமலே விற்கலாம்.

தொல்லை வருவது படிவ அமைப்பில். விண்டோஸில் கச்சிதமாக நிற்கும் லேபிள், லினக்ஸில் எழுத்துரு மாறியதும் பாதி வெட்டுப்படும். அளவுகளைப் பிக்ஸல் கணக்கில் ஆணியடிக்காமல் ஆங்கர்ஸ் (ஓரத்தோடு பிணைப்பது), ஆட்டோசைஸ் (உள்ளடக்கத்துக்கேற்ப அளவு மாறுவது) வைத்துக் கட்டுங்கள். எக்ஸிஇ கோப்பு குண்டாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் பிழை தேட உதவும் டீபக் தகவல், வெளியிடும்போது நீக்கிவிடலாம்.

அப்புறம், பில் அச்சிடும் பகுதியை முதலில் எழுதிப் பாருங்கள். கருவி ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.