கல்லோடு வந்து சேரும் உயிர்கள்: கடல்நீர்த் தொட்டி பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, இரண்டு மாதங்களுக்கு முன் வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைத்தேன். தன் தொட்டியைக் கலைத்த நண்பர் ஒருவரிடமிருந்து லைவ் ராக் (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்கல்) வாங்கி அடுக்கியிருக்கிறேன். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால், விரல் நீளமுள்ள இளஞ்சிவப்புப் புழுக்கள் கல்லிடுக்குகளிலிருந்து நெளிந்து வருகின்றன. உடலின் இருபுறமும் வெண்ணிற மயிர்க்கற்றைகள் தெரிகின்றன. கற்களைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் எல்லாம் ஒழிந்துவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
– கோவை வாசகர்

பதில்: செய்யவே கூடாது. புழுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் கொதிநீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நண்பரின் தொட்டியிலிருந்து வந்த கல்லில், பட்டன் பாலிப் என்று கடைகளில் விற்கப்படும் சிறு பவள உயிர்களில் நாலைந்து ஒட்டியிருந்தாலும் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பாலிதோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. 1971-இல் ஹவாய்த் தீவுகளில் எடுத்த பாலிதோவாவிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட அந்த நஞ்சு, கடலில் கிடைக்கும் நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்று. கல்லைக் கொதிக்க வைத்தால் அது நீராவியோடு கிளம்பி மூச்சில் கலக்கும். மூச்சுத் திணறல், காய்ச்சல், தசைவலி, வாயில் உலோகச் சுவை என்று தொடங்கி வீட்டில் இருக்கும் அனைவரையும் பாதிக்கக்கூடும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், தொட்டியிலிருந்த பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்த ஒரு குடும்பத்தார் இந்த நஞ்சினால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே அடுப்புகூட மூட்டப்படவில்லை. ஆகவே கல்லைக் கொதிக்க வைப்பது, கம்பித் தூரிகையால் காய்ந்த பாலிப்புகளைத் தேய்ப்பது, வெந்நீரை அழுத்தத்தோடு பீய்ச்சுவது ஆகிய மூன்றையும் மறந்துவிடுங்கள். கல்லைத் தொடும்போதெல்லாம் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள்.

இனிப் புழுக்கள். நீங்கள் விவரிப்பவை பிரிஸ்டில் புழுக்கள். மீன் தின்னாமல் விட்ட தீனி, இறந்த நத்தை, கல்லிடுக்கில் சேரும் கழிவு ஆகியவற்றை மனிதக் கை எட்டாத இடத்தில் தின்று தீர்ப்பவை இவையே. இவற்றை முற்றிலும் ஒழித்த தொட்டியில் அந்த மிச்சமெல்லாம் அழுகி அம்மோனியாவாக மாறும். எனவே இவற்றை எதிரியாகக் கருதும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. எண்ணிக்கை பெருகியிருந்தால், நீங்கள் அளவுக்கு மீறித் தீனி போடுகிறீர்கள் என்று பொருள். தீனியைக் குறைத்தால் சில வாரங்களில் அவையும் குறையும். அவசரமாகக் குறைக்க வேண்டுமென்றால், சிறு பிளாஸ்டிக் குப்பியின் மூடியில் துளையிட்டு, உள்ளே ஒரு துண்டு இறாலை வைத்து, விளக்கணைத்த பிறகு மணலில் படுக்க வைத்துக் காலையில் எடுங்கள். வெறும் கையால் மட்டும் தொட வேண்டாம். கம்பளிப்பூச்சியின் மயிர் போலவே இவற்றின் முட்களும் தோலில் குத்தி ஒடிந்துவிடும். குத்திவிட்டால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால் பெரும்பாலானவை வந்துவிடும். மயிர்க்கற்றைகள் மிக அடர்ந்து, சீண்டினால் வெண்பஞ்சு போலப் புடைக்கும் தடித்த புழுவாக இருந்தால் அது தீப்புழுவாக இருக்கலாம். அதை மட்டும் இடுக்கியால் பிடித்து அகற்றிவிடலாம்.

கேள்வி: கல்லில் பழுப்பு நிறத்தில், கண்ணாடி போன்ற உடலும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்ட கடல் சாமந்தி ஒன்று முளைத்தது. கத்தியால் சுரண்டி எடுத்தேன். இப்போது அதே இடத்தைச் சுற்றிப் பலப்பல முளைத்துவிட்டன. என்ன செய்வது?
– அம்பத்தூர் வாசகி

பதில்: அது ஐப்டேசியா. அதன் அடிப்பாதத்திலிருந்து கிழிந்து கல்லில் தங்கும் சிறு துணுக்குகூடத் தனிச் சாமந்தியாக வளர்ந்துவிடும் என்பதால், சுரண்டுவதும் நசுக்குவதும் அதற்கு விதைப்பு வேலை. உணர்கொம்பு பட்ட பவளங்கள் சுருங்கிப்போகும். சிறு மீன்களும் கொட்டுப்படும்.

பத்துக்குக் குறைவாக இருந்தால் சுண்ணாம்பே போதும். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு தூளைச் சிறிதளவு நீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, சுழற்சி பம்புகளை நிறுத்திவிட்டு, சாமந்தி சுருங்கிக்கொள்ளும் முன் அதன் வாயின்மேல் மெதுவாக வைத்து மூடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறு பொருள்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால் அது வேண்டாம். ஒரே நாளில் மூன்று நான்கிற்கு மேல் செய்தால் நீரின் பிஎச் அளவு சட்டென்று ஏறி மீன்கள் திணறும். இடைவெளி விட்டுச் செய்யுங்கள்.

தொட்டி முழுவதும் பரவியிருந்தால் அவற்றைத் தின்னும் உயிர்களைத்தான் நாட வேண்டும். பெப்பர்மின்ட் இறால் பெரும்பாலும் தின்னும். ஆனால் அதன் பெயரில் கேமல் இறாலை விற்கிறார்கள், அது பவளங்களைக் கொறிக்கும். முதுகில் திமில் போன்ற வளைவும் வெள்ளைக் கோடுகளும் இருந்தால் வாங்காதீர்கள். பெர்கியா என்னும் சிறு கடல் நத்தையினம் ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. வேலை மெதுவாக நடந்தாலும் முழுமையாக நடக்கும். முடிந்ததும் அவை பட்டினியில் இறக்கும் என்பதால், அதற்குள் அவற்றை எடுத்து இதே தொல்லை உள்ள வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். தீனி எடுக்காமல் சில வாரங்களில் இறந்துபோகும் மீன்கள் அதில் அதிகம் என்பதால், புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை.

கேள்வி: இரவில் தொட்டியிலிருந்து ‘டக், டக்’ என்று ஒலி வருகிறது. சிறு மீன்கள் இரண்டைக் காணவில்லை. எதனால் இருக்கும்?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: இவ்வாறு ஒலியெழுப்பக்கூடிய இரண்டு உயிர்கள் உண்டு. ஒன்று, ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள பிஸ்டல் இறால். பெரும்பாலும் தீங்கற்றது, அதன் சில இனங்கள் கோபி மீனோடு ஒரே வளையில் வாழும். மற்றொன்று மேன்டிஸ் இறால். காம்பின் நுனியில் தனித்தனியே சுழலும் கண்களைக் கல்லின் ஓட்டையில் கண்டால் சந்தேகமே வேண்டாம். அதன் ஒரு வகை ஈட்டி போன்ற காலால் மீனைக் குத்தும். மற்றொரு வகை சம்மட்டி போன்ற காலால் நண்டு, நத்தைகளின் ஓடுகளை உடைக்கும். மயில் மேன்டிஸ் இறாலின் அடி விநாடிக்கு 23 மீட்டர் வரை வேகம் கொண்டது என்று அளந்திருக்கிறார்கள். கையை ஓட்டைக்குள் விடாதீர்கள் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஒலி எந்தக் கல்லிலிருந்து வருகிறது என்று சில இரவுகள் பொறுமையாகக் கேட்டுக் கண்டுபிடியுங்கள். அந்தக் கல்லைத் தூக்கி வாளியின்மேல் பிடித்து, ஓட்டைக்குள் சாதாரண சோடாவைச் செலுத்தினால் மூச்சுமுட்டி வெளியே விழும். பிறகு கல்லைக் கடல்நீரில் அலசி மீண்டும் வையுங்கள். பிடிபட்டதைக் கொல்ல வேண்டுமென்பதில்லை. தனியாக ஒரு சிறு தொட்டியில் வைத்தால் அதைவிடச் சுவாரசியமான வளர்ப்புயிர் குறைவு.

ஒலிக்கும் மீன் காணாமற்போவதற்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ நகரிலுள்ள புளூ ரீஃப் காட்சியகத்தில் பவளங்கள் துண்டிக்கப்பட்டும் மீன்கள் காயமுற்றும் கிடந்தன. காரணம் தெரியாமல் கடைசியில் காட்சித் தொட்டியையே பிரித்தபோது, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான யூனிஸ் இனப் புழு ஒன்று கற்களுக்குள்ளிருந்து அகப்பட்டது. அதைச் சிறியதாக இருந்த நாளிலேயே யாரோ கல்லோடு கொண்டுவந்திருக்க வேண்டும். உங்கள் தொட்டியில் முதலில் மீன்களுக்கு நோய் உண்டா, மூடியில்லாத இடைவெளி வழியே குதித்து வெளியே விழுந்தனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு கற்களைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: கண்ணாடியில் நகத்தளவு வெள்ளை நட்சத்திர மீன்கள் ஊர்கின்றன. எடுத்துவிடவா?
– பெங்களூரு வாசகி

பதில்: ஆஸ்டெரினா வகையாக இருக்கும். பெரும்பாலானவை கண்ணாடியில் படியும் பாசியைத்தான் மேய்கின்றன. பட்டன் பாலிப்புகளின்மேல் உட்கார்ந்து அவை சுருங்குவதைக் கண்டால் மட்டும் கையுறை அணிந்து பொறுக்கி எடுங்கள்.

கேள்வி: மண்டபம் பக்கம் உறவினர்கள் இருக்கிறார்கள். கடலிலிருந்தே கல் எடுத்து வந்தால் செலவு மிச்சமாகும் அல்லவா? எதையும் ஒட்டி வரவிடாமல் தடுக்கும் வழி என்ன?
– மதுரை வாசகர்

பதில்: எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அதற்கு வெளியேயும் விதிவிலக்கில்லை: கல்போன்ற எலும்புக்கூடு கொண்ட பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளன. செத்த பவளத்துண்டை எடுத்தாலும் வழக்குத்தான்.

சட்டத்துக்கு அப்பாலும், காய்ந்த கல் அல்லது செயற்கைக் கல்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சரியான விடை. அதில் எதுவும் உயிரோடு இருக்காது. நல்ல பாக்டீரியாக்கள் குடியேறி அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் மீன் விடாமல் இருக்கும் பொறுமைதான் செலவு. பிறகு வாங்கும் ஒவ்வொரு பவளத்துண்டையும் அயோடின் கரைசலில், போத்தலில் சொன்ன அளவில் சொன்ன நேரம் மட்டும் நனைத்து, அது ஒட்டியிருக்கும் அடிக்கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, தனித் தொட்டியில் வையுங்கள். நனைத்தால் புழுக்களும் நத்தைகளும் உதிரும், முட்டைகள் சாகா. ஆகவே வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு முறை நனைப்பது அவசியம். வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணியும் கல்லில் ஒட்டியே வரும் என்பதால், அந்தத் தனித் தொட்டியில் மீன் எதுவும் இல்லாமல் 76 நாள் காத்திருப்பது அனுபவமுள்ளவர்களின் வழக்கம்.

வேண்டாதவற்றை எடுத்த பிறகு கடலிலோ கழிமுகத்திலோ விட்டுவிடாதீர்கள். மொனாக்கோவில் தொட்டிக்காக வளர்க்கப்பட்ட காலெர்பா டாக்சிபோலியா என்னும் பாசி 1984-இல் மத்தியதரைக் கடலில் தென்பட்டு, பிறகு கடலடியில் பரவியதை நிறுத்த முடியவில்லை. அதே பாசி கலிபோர்னியாவில் 2000-இல் தெரிந்தபோது, அதை ஒழிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. மன்னார் வளைகுடாவிலுள்ள நம் குருசடைத் தீவிலேயே, வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காப்பாஃபைகஸ் பாசி உயிருள்ள பவளங்களை மூடிப் படர்ந்தது. கல்லிலிருந்து எடுத்தவற்றை ஒரு பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்து, பிறகு குப்பையில் சேருங்கள். தொட்டி நீரை மழைநீர் வாய்க்காலில் ஊற்றாமல் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள்.