ஒரே ‘அவுட்’, இரண்டு பொருள்

மதிப்பிற்குரிய ஐயா,

மாலை வேளையில் எங்கள் வீட்டு முகப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘கோ அவுட்’ போல வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து வரும் ஃபிரேசல் வெர்ப்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் மறுவாரமே மறந்துவிடுகிறார்கள். ‘த லைட்ஸ் ஆர் அவுட்’ என்றால் விளக்குகள் அணைந்துவிட்டன. ‘த ஸ்டார்ஸ் ஆர் அவுட்’ என்றால் விண்மீன்கள் தோன்றிவிட்டன. மறைவதற்கும் தோன்றுவதற்கும் ஒரே சொல் எப்படி வரும் என்று ஒரு மாணவி கேட்கிறாள். என்ன சொல்வது?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

அருமையான கேள்வி, அந்தப் பிள்ளையைப் பாராட்டியதாகச் சொல்லுங்கள். வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறுவதே பிறமொழியாருக்குப் பெரும் இடர் என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே எழுதினார்.

‘அவுட்’ என்பதன் அடிப்படை உள்ளிருந்து வெளியேறுவதுதான். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் பிரிகிறது. உங்கள் வீட்டுக்குள், வளவில் இருப்பவருக்கு, முகப்பைத் தாண்டிப் போனவர் கண்ணிலிருந்து மறைகிறார். தெருவில் நிற்பவருக்கோ அதே ஆள் அப்போதுதான் கண்ணில் படுகிறார். அணையும் விளக்கும், தீரும் எண்ணெயும், அழியும் உயிரினமும் நம் எல்லையை விட்டுப் போவதால் ‘கோ அவுட்’, ‘ரன் அவுட்’, ‘டை அவுட்’ என்கிறார்கள். ஒளிந்திருந்த உண்மை நம் பார்வைக்கு வருவதால் ‘ஃபைண்ட் அவுட்’ என்கிறார்கள். ‘அவுட்’, ‘அப்’ சேர்ந்த வினைகளை ஆராய்ந்த சூசன் லிண்ட்னர், இப்பொருள்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல என்பதை 1981இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் விரிவாகக் காட்டினார்.

‘அப்’ என்பதற்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் சாவி ஏற்கெனவே இருக்கிறது. ‘தின்றான்’ என்பதற்கும் ‘தின்றுவிட்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இலக்கணம் படிக்காத குழந்தைக்கும் தெரியும். அங்கே ‘விடு’ என்னும் துணைவினை தன் சொந்தப் பொருளை விட்டுவிட்டுச் செயல் முடிந்ததைக் காட்டுவதுபோல, ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ என்பவற்றில் ‘அப்’ மேலே என்னும் பொருளைத் துறந்து, மிச்சமின்றி முடிந்ததைக் காட்டுகிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகா. ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பட்டியலை ‘கோ’, ‘புட்’ என வினைவாரியாக எழுதாமல், சிறுசொல்வாரியாக எழுதச் சொல்லுங்கள். எந்தக் குடும்பத்திலும் சேராத சிலவற்றை வாக்கியத்தோடு பழகத்தான் வேண்டும்.

சொல்வரிசையில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்: ‘டர்ன் ஆஃப் த லைட்’, ‘டர்ன் த லைட் ஆஃப்’ இரண்டும் சரி, ஆனால் ‘இட்’ வந்தால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே சரி.